சீட்டுக் குலுக்கிக் கொடுத்த இன்சூரன்ஸ்



போன பதிவின் கீழே என் மைத்துனரும் அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவரும் நன்றாக மோதிக்கொண்டார்கள். "இலவசமா இன்சூரன்ஸ் கொடுத்தா ஏழைங்க சும்மா சும்மா ஆஸ்பத்திரிக்குப் போய் நிப்பாங்க" என்பது மைத்துனர் கட்சி. "அங்கே இன்சூரன்ஸ் இல்லேன்னாலும் எமர்ஜென்சியில பார்த்துத்தான் ஆகணும் சார், சட்டமே இருக்கு. இன்சூரன்ஸ் கொடுத்துட்டா அந்த எமர்ஜென்சி கூட்டமாவது குறையும்" என்பது மாணவர் கட்சி. நடுவே புகுந்து பதில் சொல்ல அன்று எனக்கு நேரமில்லை. இது கருத்துச் சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை. நடந்த வரலாறு இருக்கிறது. அதைச் சொல்லிவிடுகிறேன். நீளமான பதிவு. காபியோடு உட்காருங்கள்.

எங்கள் ஜாதியிலிருந்தே தொடங்குகிறேன். ஜாதி என்றால் வாத்தியார் ஜாதி.

அமெரிக்காவில் இன்று ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் என்று சொல்லப்படுவதன் மூல விதை 1929இல் டெக்சாஸ் மாநிலம் டல்லாஸ் நகரில் விழுந்தது. அதில் முதலில் சேர்ந்தவர்கள் பள்ளி ஆசிரியர்கள். ஜஸ்டின் ஃபோர்ட் கிம்பல் என்பவர் அந்த நகரப் பள்ளிகளின் கண்காணிப்பாளராக இருந்தவர். பிறகு பேய்லர் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியின் நிர்வாகத்துக்கு வந்தார். கணக்குப் புத்தகத்தைப் புரட்டினால் வசூலாகாத பில்கள் குவிந்து கிடக்கின்றன. அவற்றில் பல பெயர்கள் அவருக்குத் தெரிந்த பெயர்கள். எல்லாம் ஆசிரியர்கள். சம்பளத்தில் வாழ்கிறவர்களுக்கு மாதம் கொஞ்சம் கட்டுவது முடியும், ஒரே நாளில் மொத்தமாகக் கட்டுவது முடியாது. இதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஆளுக்கு மாதம் 50 சென்ட் கட்டினால் வருடத்துக்கு 21 நாள் ஆஸ்பத்திரியில் படுக்கை, பராமரிப்பு என்று ஒரு திட்டம் போட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் சேர்ந்தார்கள். அதே ஆண்டில்தான் பங்குச் சந்தை சரிந்து பெருமந்தம் வந்தது. நாடெங்கும் படுக்கைகள் காலியாகக் கிடந்த ஆஸ்பத்திரிகள் இந்த யோசனையைப் பிடித்துக்கொண்டன. புளூ கிராஸ் என்ற பெயரில் அது வளர்ந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்த 50 சென்ட் எதற்கு? ஆஸ்பத்திரிப் படுக்கைக்கு. டாக்டர் ஃபீஸுக்கு இல்லை. வீட்டில் இருந்தபடி வாங்கும் மருந்துக்கு இல்லை. படுப்பதற்கு முன்னால், நோய் சின்னதாக இருக்கும்போது போய்க் காட்டுவதற்கு இல்லை. நோயாளியின் நலனுக்கு எவ்வளவு உதவியதோ அவ்வளவு ஆஸ்பத்திரியின் கல்லாப்பெட்டிக்கும் உதவிய ஏற்பாடு அது. கிம்பலைக் குறை சொல்லவில்லை, நல்ல மனிதர். ஆனால் பிறந்தபோது வந்த உருவம் எளிதில் மாறாது. எதற்குக் காசு கொடுக்கிறார்களோ அதைத் தேடித்தான் நோயாளி போவார். இந்த வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரண்டாவது திருப்பம் போர்க்காலத்தில். 1942இல் விலைவாசியைப் பிடிக்க அரசு சம்பள உயர்வுக்குத் தடை போட்டது. ஆலைகளுக்கோ ஆள் பற்றாக்குறை. சம்பளத்தைக் கூட்ட முடியாத முதலாளிகள் மருத்துவக் காப்பீடு தருகிறோம் என்று ஆள் பிடித்தார்கள். அது தடைக்குள் வராது என்று அரசும் விட்டுவிட்டது. முதலாளி கட்டும் அந்தத் தொகைக்குத் தொழிலாளி வருமான வரி கட்ட வேண்டாம் என்பது 1954 வரிச் சட்டத்தில் உறுதியானது. இப்படித்தான் அந்த நாட்டில் உடம்பு, வேலையோடு முடிச்சுப் போடப்பட்டது. நல்ல வேலை இருந்தால் இன்சூரன்ஸ். பண்ணை வேலை, வீட்டு வேலை, சின்னக் கடை வேலை, வேலையே இல்லை என்றால் கிடையாது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கிழவனுக்கும் கிடையாது. நோய் எந்த வயதில் வருமோ அந்த வயதில் காப்பீடு போய்விடும்!

ஜனாதிபதி ட்ரூமன் 1945 நவம்பரில், எல்லாருக்கும் தேசியக் காப்பீடு வேண்டும் என்று நாடாளுமன்றத்துக்குச் செய்தி அனுப்பினார். அமெரிக்க மருத்துவர் சங்கம் அதை 'சோஷலிச மருத்துவம்' என்று சொல்லி எதிர்த்தது. கம்யூனிசப் பயம் ஏறிக்கொண்டிருந்த காலம். திட்டம் செத்தது. இருபது வருடம் கழித்து 1965 ஜூலை 30 அன்று ஜனாதிபதி ஜான்சன், முதியோருக்கு மெடிக்கேர், ஏழைகளுக்கு மெடிக்கெய்ட் என்ற இரண்டுக்கும் கையெழுத்துப் போட்டார். போட்ட இடம் ட்ரூமனின் சொந்த ஊரான இண்டிபெண்டன்ஸ். முதல் மெடிக்கேர் அட்டையை ட்ரூமனிடமே கொடுத்தார். அழகான காட்சிதான்.

ஆனால் 'ஏழைகளுக்கு' என்று நான் இப்போது எழுதினேனே, அது பாதி உண்மை. மெடிக்கெய்ட் ஏழைகள் எல்லாருக்கும் வரவில்லை. ஏழையாக இருப்பதோடு இன்னொன்றாகவும் இருக்க வேண்டும். குழந்தையாக, சின்னக் குழந்தைகளை வளர்க்கும் தாயாக, பார்வையற்றவராக, ஊனமுற்றவராக, முதியவராக இருக்க வேண்டும். கைகால் திடமாக இருக்கிற, பிள்ளையில்லாத நாற்பது வயது ஆள் எத்தனை ஏழையானாலும் பெரும்பாலான மாநிலங்களில் அவருக்கு இடமில்லை. மாநிலத்துக்கு மாநிலம் விதியும் வேறு. அமெரிக்காவில் இன்சூரன்ஸ் இல்லாதவர்கள் என்ற கூட்டம் உருவானது இந்த இடுக்குகளில்தான்.

இப்போது மாணவர் சொன்ன சட்டத்துக்கு வருகிறேன். அவர் சொன்னது சரி. 1986இல் ரீகன் காலத்தில் வந்தது. காசில்லாதவர்களை ஆஸ்பத்திரிகள் வாசலிலிருந்தே வேறு ஆஸ்பத்திரிக்குத் தள்ளிவிடுகின்றன என்று பெரிய கூச்சல் எழுந்த பிறகு வந்த சட்டம். எமர்ஜென்சிக்கு வருகிறவரைப் பரிசோதிக்க வேண்டும், அபாயம் நீங்கும் அளவுக்கு நிலைப்படுத்த வேண்டும், காசு இருக்கிறதா என்று பார்த்து அதைத் தள்ளிப்போடக் கூடாது. இவ்வளவுதான் சட்டம்.

நிலைப்படுத்துவது வேறு, குணப்படுத்துவது வேறு. சுகர் ஏறி மயங்கி விழுந்தவரைத் தூக்கிப் போனால் பார்ப்பார்கள். எழுந்து உட்கார்ந்ததும் அனுப்பிவிடுவார்கள். மறுநாள் முதல் போட வேண்டிய இன்சுலினுக்கு அந்தச் சட்டத்தில் வழியில்லை. மார்பில் கட்டி என்றால் அது எமர்ஜென்சி இல்லை. அது வலித்து, புண்ணாகி, மூச்சுவிட முடியாமல் போனால் எமர்ஜென்சி. இன்னொன்று, சட்டம் 'பார்' என்றுதான் சொல்கிறது, 'இலவசமாகப் பார்' என்று சொல்லவில்லை. பில் வீட்டுக்கு வரும். இன்சூரன்ஸ் கம்பெனிகள் பேரம் பேசி விலையைக் குறைத்து வாங்கிவிடும். பேரம் பேச ஆளில்லாத தனி மனிதருக்கு முழு விலைப்பட்டியல் நீட்டப்படும். ஆக, இன்சூரன்ஸ் இல்லாதவருக்கும் ஒரு குறைபட்ட காப்பீடு இருக்கத்தான் செய்தது. உயிர் போகும் நேரத்தில் மட்டும் திறக்கிற கதவு.

மைத்துனர் கட்சிக்கும் ஒரு பழைய ஆதாரம் உண்டு. நியாயமாக அதையும் சொல்லிவிடுகிறேன். 1974 முதல் 1982 வரை ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம், ஜோசப் நியூஹவுஸ் என்ற பொருளாதார அறிஞரின் தலைமையில் ஒரு பெரிய சோதனை நடத்தியது. ஆறு ஊர்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள். சிலருக்கு முழு இலவச மருத்துவம், மற்றவர்களுக்குச் செலவில் 25, 50, 95 சதவீதம் வரை கைக்காசு. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது. கைக்காசு போட வேண்டியிருந்தவர்கள் ஏறக்குறைய 30 சதவீதம் குறைவாக மருத்துவம் பார்த்துக்கொண்டார்கள். சராசரியாகப் பார்த்தால் அவர்கள் உடம்பும் கெட்டுவிடவில்லை. பார்த்தாயா, இலவசமென்றால் வீண்தானே என்று இதைக் காட்டிப் பேசினார்கள், இன்றும் பேசுகிறார்கள்.

அதே ஆய்வில் இருக்கும் இன்னும் இரண்டு வரிகளை அவர்கள் வாசிப்பதில்லை. கைக்காசுக்குப் பயந்து குறைத்தபோது மக்கள் வீணான சிகிச்சையை மட்டும் குறைக்கவில்லை, தேவையான சிகிச்சையையும் ஏறக்குறைய அதே அளவு குறைத்தார்கள். எது தேவை, எது வீண் என்று நோயாளிக்கு எப்படித் தெரியும்? தெரிந்தால் டாக்டர் எதற்கு? இரண்டாவது, ரத்த அழுத்தம் உள்ள ஏழைகள் இலவசத் திட்டத்தில் தெளிவாக நன்றாக இருந்தார்கள். 'சராசரி' என்ற சொல் யாரை மறைக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன். தவிர, அந்தச் சோதனையில் இன்சூரன்ஸே இல்லாதவர் என்று யாரும் வைக்கப்படவில்லை. அப்படி ஒருவரை வேண்டுமென்றே வைப்பது அறமாகுமா? எனவே உண்மையான கேள்வி பதிலில்லாமல் கிடந்தது. காப்பீடே இல்லாதவர் கையில் ஒன்றைக் கொடுத்தால் என்ன ஆகும்?

அந்தக் கேள்விக்கு விடை தேடாத ஒரு மாநிலம், பணத் தட்டுப்பாட்டால் விடையைக் கொடுத்துவிட்டது. அதுதான் ஓரிகன்.

பசிபிக் கடலோரத்து மாநிலம். 1987இல் அங்கே ஒரு சோகம் நடந்தது. உறுப்பு மாற்று, எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைகளுக்கு மெடிக்கெய்டில் செலவழிப்பதைச் சட்டமன்றம் நிறுத்தியிருந்தது. அந்தப் பணத்தில் கர்ப்பிணிகளைப் பார்க்கலாம் என்பது கணக்கு. அந்த வருடமே ரத்தப் புற்றுநோய் கண்ட ஏழு வயதுச் சிறுவன் ஒருவன், மஜ்ஜை மாற்றுக்கு ஊரார் நன்கொடை திரட்டிக்கொண்டிருக்கும்போதே இறந்துபோனான். மாநிலமே கலங்கியது. அப்போது மேலவையின் தலைவராக இருந்தவர் ஜான் கிட்சாபர், எமர்ஜென்சி டாக்டர். பின்னால் ஆளுநரானவர். அவர் எழுப்பிய கேள்வி கடினமானது. எப்படியும் பங்கீடு செய்கிறோம். ஆளைப் பார்த்துப் பங்கிடுவதா, சிகிச்சையைப் பார்த்துப் பங்கிடுவதா? சிலருக்கு எல்லாம், சிலருக்கு ஒன்றுமில்லை என்பதைவிட எல்லாருக்கும் முக்கியமானது என்பது நல்லதல்லவா? நூற்றுக்கணக்கான நோய்களையும் சிகிச்சைகளையும் முக்கியத்துவ வரிசைப்படி பட்டியல் போட்டார்கள். பணம் தீருகிற இடத்தில் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே இருப்பது உண்டு, கீழே இருப்பது இல்லை. 1994இல் ஓரிகன் சுகாதாரத் திட்டம் என்று நடைமுறைக்கு வந்தது. பிள்ளையில்லாத ஏழை ஆளும் அதில் சேரலாம். எனக்கு இந்தப் பட்டியல் யோசனையில் இன்றும் முழுச் சம்மதம் இல்லை. ஆனாலும் மறைத்துச் செய்வதை வெளிப்படையாகச் செய்தார்களே என்ற மரியாதை உண்டு.

2003இல் வருவாய் குறைந்தது. அந்த ஏழைகளிடம் மாதம் 6 டாலரிலிருந்து 20 டாலர் வரை பிரீமியம் கட்டாயமாக்கினார்கள். வருமானமே இல்லாதவருக்கும் 6 டாலர். ஒரு மாதம் தவறினால் வெளியே, ஆறு மாதம் திரும்ப வர முடியாது. 6 டாலர் என்ன பெரிய காசு என்று தோன்றும். ஏறக்குறைய பாதிப் பேர் திட்டத்தை விட்டு விழுந்துவிட்டார்கள். புதியவர்களைச் சேர்ப்பதும் நின்றுபோனது. கதவு சாத்தப்பட்டது.

2008 தொடக்கத்தில் பார்த்தால், விழுந்தவர்கள் போக மீதிப் பேருக்குக் கொடுக்கும் பணத்தில் இன்னும் சுமார் 10,000 பேரைச் சேர்க்க இடமிருந்தது. கேட்பவர்களோ அதைவிடப் பல மடங்கு இருப்பார்கள் என்று தெரியும். முந்தி வந்தவருக்கு முந்திக் கொடுத்தால், செய்தி முதலில் எட்டியவருக்குத்தான் கிடைக்கும். எனவே குலுக்கல் என்று முடிவு செய்தார்கள்.

குடவோலை ஞாபகம் வருகிறதா? உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கு இரண்டு வகுப்பு எடுத்திருக்கிறேன், மறந்திருந்தால் வருத்தப்படுவேன். பராந்தக சோழன் காலத்தில் தகுதி உள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். வாரியத்தில் உட்கார ஆள் எடுத்தது அது. ஓரிகனில் கணினி எடுத்தது, டாக்டரைப் பார்க்க ஆள்.

பெயர் கொடுத்தவர்கள் ஏறக்குறைய 90,000 பேர். 2008 மார்ச் முதல் செப்டம்பர் வரை எட்டு முறை குலுக்கினார்கள். சுமார் 35,000 பேருக்கு விழுந்தது. விழுந்த எல்லாருக்கும் அட்டை கிடைக்கவில்லை. 45 நாளுக்குள் விண்ணப்பம் நிரப்பி அனுப்ப வேண்டும், வருமானம் வறுமைக் கோட்டுக்குக் கீழே என்று காட்ட வேண்டும், சொத்து 2,000 டாலருக்கு மேல் இருக்கக் கூடாது, ஆறு மாதமாவது இன்சூரன்ஸ் இல்லாமல் இருந்திருக்க வேண்டும். சுமார் 60 சதவீதத்தினர்தான் விண்ணப்பம் அனுப்பினார்கள். அதில் ஏறக்குறைய பாதி நிராகரிக்கப்பட்டது. கடைசியில் சீட்டு விழுந்தவர்களில் பத்துக்கு மூன்று பேர் கையில்தான் அட்டை. வீடு மாறிக்கொண்டே இருக்கிற, இரண்டு இடத்தில் வேலை செய்கிற மனிதருக்கு ஒரு தபால் கவர் போய்ச் சேர்வதே பெரிய காரியம். நம் ஊரில் முதியோர் பென்ஷனுக்கு அலைந்தவர்களைக் கேட்டால் விவரமாகச் சொல்வார்கள்.

அந்த அட்டையும் எல்லாவற்றுக்கும் இல்லை. டாக்டர், ஆஸ்பத்திரி, மருந்து, மனநல சிகிச்சை உண்டு. கண்ணாடிக்கு இல்லை. பல்லுக்கு, அவசரம் தவிர, இல்லை.

இது ஆராய்ச்சியாளர்களுக்கு ஏன் புதையலானது என்று சொல்கிறேன். இன்சூரன்ஸ் உள்ளவரையும் இல்லாதவரையும் நேராக ஒப்பிடக் கூடாது. டியூஷன் போகிற பையன் குறைந்த மார்க் வாங்குகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். டியூஷன் கெடுத்துவிட்டது என்று சொல்வோமா? படிப்பு வராததால்தான் டியூஷனுக்கே போகிறான். அதுபோல நோய் உள்ளவர்தான் விழுந்தடித்து இன்சூரன்ஸ் தேடுவார். ஓரிகனிலோ 90,000 பேரும் ஒரே மாதிரி ஏழைகள், ஒரே மாதிரி விரும்பிப் பெயர் கொடுத்தவர்கள். சீட்டு மட்டும்தான் பிரித்தது. எம்.ஐ.டி.யின் ஏமி ஃபிங்கல்ஸ்டைன், ஹார்வர்டின் கேத்தரின் பெய்க்கர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஓரிகன்காரர்களோடு சேர்ந்து இரண்டு கூட்டத்தையும் பின்தொடர்ந்தார்கள்.

முதல் வருடம் கண்டது இது. காப்பீடு கிடைத்தவர்களிடம் வெளிநோயாளியாக டாக்டரைப் பார்க்கும் வாய்ப்பு 35 சதவீதம் கூடியது. மருந்து சாப்பிடும் வாய்ப்பு 15 சதவீதம், ஆஸ்பத்திரியில் படுக்கும் வாய்ப்பு 30 சதவீதம் கூடின. மைத்துனர் இங்கே கை தட்டலாம். ஆனால் எதற்குப் போனார்கள் என்று கேளுங்கள். மார்பகப் புற்றுநோய்க்கான எக்ஸ்ரே பரிசோதனை 60 சதவீதம் கூடியது. கொலஸ்டிரால் பார்த்துக்கொள்வது 20 சதவீதம் கூடியது. பொழுதுபோகாமல் யாராவது மார்பை எக்ஸ்ரே இயந்திரத்தில் வைத்து அழுத்தக் கொடுப்பார்களா? ஆஸ்பத்திரிச் சேர்க்கையிலும் கூடுதலானது பெரும்பாலும் எமர்ஜென்சி வழியாக வராத சேர்க்கை. அதாவது டாக்டர் நாள் குறித்துச் சேரச் சொன்னது. எமர்ஜென்சியில் கத்திக்கொண்டு போனால் இன்சூரன்ஸ் இல்லாதவரையும் சேர்த்துக்கொண்டார்கள். தள்ளிப்போட முடிந்ததைத்தான் அவர்கள் தள்ளிப்போட்டிருந்தார்கள். காப்பீடு வந்ததும் அது வெளியே வந்தது.

இதோடு, கட்ட முடியாமல் வசூல் ஏஜென்சிக்குப் போகும் மருத்துவக் கடன் 25 சதவீதம் குறைந்தது.

இப்போது மாணவர் கட்சிக்கு அடி. இன்சூரன்ஸ் கொடுத்தால் எமர்ஜென்சி கூட்டம் குறையும் என்று அந்த நாட்டில் எல்லாக் கட்சிக்காரர்களும் நம்பினார்கள். 2014 ஜனவரியில் 'சயின்ஸ்' இதழில் முடிவு வந்தது. போர்ட்லாண்ட் பகுதி ஆஸ்பத்திரிகளின் பதிவேடுகளை 18 மாதத்துக்குப் புரட்டிப் பார்த்தார்கள். சீட்டு விழாதவர் அந்தக் காலத்தில் சராசரியாக ஒரு முறை எமர்ஜென்சிக்குப் போயிருந்தார். காப்பீடு பெற்றவர்களிடம் அது 40 சதவீதம் கூடுதல்! சாதாரண டாக்டரே பார்த்திருக்கக்கூடிய கோளாறுகளுக்கும் போயிருந்தார்கள். புதிதாகப் பழகும்வரை அப்படித்தான், போகப்போகச் சரியாகும் என்றார்கள். இரண்டு வருடம் பார்த்தும் சரியாகவில்லை.

பெரிய ஏமாற்றமாக இதை எழுதினார்கள். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. பில்லுக்குப் பயந்து போகாமல் இருந்த கதவு, பயம் போனதும் திறக்கிறது. அவ்வளவுதான். பகலெல்லாம் வேலை, லீவு போட்டால் கூலி போகும் என்கிறவருக்கு ராத்திரி எட்டு மணிக்குத் திறந்திருப்பது எமர்ஜென்சி ஒன்றுதான். காப்பீடு டாக்டருக்குக் காசு கொடுக்கும், டாக்டரின் நேரத்தை உண்டாக்காது. எதற்குக் காசு கொடுக்கிறார்களோ அதைத் தேடித்தான் போவார்கள் என்று டல்லாஸ் கதையில் சொன்னேன். எது திறந்திருக்கிறதோ அதைத் தேடியும் போவார்கள்.

இன்னும் கசப்பான முடிவு ஒன்று உண்டு, மறைக்கக் கூடாது. 12,000க்கும் மேற்பட்டவர்களை நேரில் வரவழைத்து ரத்தம் எடுத்து, பி.பி. பார்த்து 2013இல் வெளியிட்டார்கள். பி.பி., கொலஸ்டிரால், மூன்று மாதச் சுகர் அளவு மூன்றிலும், உறுதியாகச் சொல்லும் அளவுக்கு முன்னேற்றம் இல்லை. சுகர் இருப்பது அதிகம் பேருக்குக் கண்டுபிடிக்கப்பட்டது, மாத்திரை அதிகம் பேர் சாப்பிட்டார்கள். அளவு மட்டும் தெளிவாக அசையவில்லை. ஒரு பக்கம் 'மெடிக்கெய்ட் வீண்' என்று கொக்கரித்தார்கள். மறுபக்கம் 'ஆள் போதாது, காலம் போதாது' என்றார்கள். நான் இரண்டாம் பக்கம்தான் சாய்வேன். சுமார் இரண்டு வருடம் என்பது சுகருக்குக் குறைந்த காலம். நம் வீடுகளிலேயே எத்தனை பேருக்கு மாத்திரை போட்டும் கட்டுப்படவில்லை! காப்பீடு டாக்டரிடம் கொண்டுபோய் விடும். நாக்கைக் கட்டாது.

அதே ஆய்வில் ஒன்று மட்டும் யாராலும் தட்ட முடியாதபடி இருந்தது. மனச்சோர்வு. காப்பீடு பெற்றவர்களிடம் அது ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. வருமானத்தில் பெரும்பங்கை விழுங்கும் மருத்துவச் செலவு ஏறக்குறைய இல்லாமலே போனது. வந்தால் என்ன செய்வது என்ற பயம் இருக்கிறதே, அது தானே ஒரு நோய். அந்த நோய்க்கு அட்டையே மருந்தாக இருந்திருக்கிறது.

நம் ஊரைக் கேட்பீர்கள். ஒரு வித்தியாசத்தை மட்டும் சொல்லி நகர்கிறேன். ஓரிகனில் குலுக்கல் நடந்த அதே 2008இல்தான் இந்தியாவில் ராஷ்ட்ரிய ஸ்வஸ்திய பீமா யோஜனா தொடங்கியது. குடும்பத்துக்கு வருடம் 30,000 ரூபாய், உள்நோயாளிக்கு மட்டும். தமிழ்நாட்டில் 2009இல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012இல் வந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் அடிப்படையில் படுக்கைக்கும் அறுவைச் சிகிச்சைக்குமானவை. டல்லாஸ் வாத்தியார்களின் 21 நாள் படுக்கையின் தூரத்துச் சொந்தம். ஆனால் நம்மிடம் காசு கேட்காத அரசு ஆஸ்பத்திரி வெளிநோயாளி வரிசை இருக்கிறது, எவ்வளவு நீளமானாலும். அமெரிக்க அர்த்தத்தில் 'ஒன்றும் இல்லாதவர்' இங்கே இல்லை. 2021இல் பி.பி., சுகர் மாத்திரையை வீடு தேடிக் கொண்டுபோகிற மக்களைத் தேடி மருத்துவம் வந்தபோது, ஓரிகன்காரர்களுக்கு இந்த யோசனை தோன்றியிருந்தால் அந்தச் சுகர் அளவு அசைந்திருக்குமோ என்று நினைத்துக்கொண்டேன். என் ஊகம்தான்.

பிறகு என்ன ஆயிற்று? 2010 மார்ச் 23 அன்று ஒபாமா சட்டம் வந்தது. வறுமைக் கோட்டை ஒட்டிய வயது வந்தோர் எல்லாருக்கும், பிள்ளை இருந்தாலும் இல்லாவிட்டாலும், மெடிக்கெய்ட். 2012 ஜூனில் உச்ச நீதிமன்றம் குறுக்கே வந்து, மாநிலங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது, விரும்பினால் சேரலாம் என்றது. ஓரிகன் சேர்ந்தது. 2014 ஜனவரி முதல் அங்கே தகுதியுள்ள எல்லாருக்கும் உண்டு. சீட்டுக் குலுக்கலுக்கு வேலை இல்லாமல் போனது. டெக்சாஸ் சேரவில்லை, இன்றுவரை சேரவில்லை. வாத்தியார்கள் 50 சென்ட் கொடுத்து நாட்டுக்கே வழிகாட்டிய அந்த மாநிலத்தில்தான் இன்று இன்சூரன்ஸ் இல்லாதவர் விகிதம் நாட்டிலேயே அதிகம்.

காப்பீடு உயிரைக் காக்குமா என்ற கேள்விக்கு ஓரிகன் குலுக்கல் பதில் சொல்லவில்லை. ஆள் எண்ணிக்கை அதற்குப் போதாது. அந்தப் பதில் வந்த வழி இன்னும் விசித்திரமானது. ஒபாமா சட்டப்படி இன்சூரன்ஸ் எடுக்காதவர் அபராதம் கட்ட வேண்டும். கட்டிய குடும்பங்கள் சுமார் 45 லட்சம். 2016-17 குளிர்காலத்தில் வருமான வரித் துறை அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதியது. 'நீங்கள் அபராதம் கட்டினீர்கள், இன்சூரன்ஸ் எடுக்க இன்னின்ன வழி இருக்கிறது' என்று. எல்லாருக்கும் அனுப்பப் பணம் போதவில்லை. 39 லட்சம் குடும்பங்களுக்கு அனுப்பிவிட்டு, ஆறு லட்சம் குடும்பங்களைக் குலுக்கல் முறையில் விட்டுவிட்டார்கள். பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டார்கள். கடிதம் போனவர்களில் கொஞ்சம் பேர் கூடுதலாக இன்சூரன்ஸ் எடுத்திருந்தார்கள். முன்பு காப்பீடு இல்லாமல் இருந்த 45 முதல் 64 வயதுக்காரர்களில், கடிதம் பெற்ற சுமார் 1,648 பேருக்கு ஒரு மரணம் குறைந்திருந்தது. ஒரு பக்கக் கடுதாசிக்கு.

2019 முதல் அந்த அபராதத்தைப் பூஜ்யமாக்கிவிட்டார்கள். அபராதம் கட்டியவர்கள் என்று ஒரு பட்டியல் வரித் துறையிடம் இப்போது சேர்வதில்லை.